வாசகர் கேள்வி, எங்கள் பதில்: கிடைவால் கோணம்

கேள்வி: இரண்டு பேர் அமரும் உலோக விமானம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். வரைபடத்தில், உடலை ஒப்பிட்டு இறக்கைக்கு பிளஸ் 1.5 டிகிரி, கிடைவாலுக்கு (வாலில் கிடைமட்டமாக நிற்கும் சிறு இறக்கை) 0 டிகிரி. டிஜிட்டல் லெவலைக் கிடைவாலின் மேல்தகட்டில் வைத்தால் பிளஸ் 2.4 காட்டுகிறது. சற்று தள்ளி வைத்தால் வேறு எண். மறுநாள் மதியம் அதுவும் மாறிவிடுகிறது. வாலைக் கழற்றி மறுபடி பொருத்த வேண்டுமா?
(வாசகர், ரவாங்)

பதில்: கழற்றாதீர்கள். நீங்கள் அளந்தது தகட்டின் சரிவை, வாலின் கோணத்தை அல்ல. கிடைவாலின் குறுக்குவெட்டு நடுவில் தடித்து இரு பக்கமும் மெலிந்து போகும். தடித்த இடத்துக்குப் பின்னால் லெவலை வைத்தால் தகடு பின்பக்கம் சரிவதால், முன்விளிம்பு தூக்கியிருப்பது போலக் காட்டும். முன்னால் வைத்தால் நேர் எதிர்.

உங்கள் வால் மேலும் கீழும் ஒரே வளைவு உள்ளதாக இருந்தால் செலவில்லாத வழி ஒன்று உண்டு. ஒரு ரிப்பின் (தகட்டுக்கு உள்ளே வடிவம் தரும் குறுக்குச் சட்டம்) மேல் பென்சிலால் குறியிட்டு, அதே இடத்தில் மேல்தகட்டிலும் அடித்தகட்டிலும் அளவெடுங்கள். முன்விளிம்பு உயர்ந்தால் பிளஸ், தாழ்ந்தால் மைனஸ். மேலே பிளஸ் 2.4, கீழே மைனஸ் 2.2 என்றால், கூட்டினால் 0.2, பாதி 0.1. உங்கள் வாலின் உண்மையான கோணம் அதுதான்.

இதைவிட நம்பகமானது அச்சுப்பலகை. ரிப் வரைபடத்தைப் பிரதி எடுத்து, முன்விளிம்பில் கவ்வி மேல்தகட்டில் படியும்படி வெட்டுங்கள். அதன் மேல்விளிம்பு, முன்விளிம்பு மையத்தையும் எலிவேட்டர் (வாலின் பின்னால் மேலும் கீழும் அசையும் பகுதி) கீல் மையத்தையும் சேர்க்கும் கோட்டுக்கு இணையாக இருக்க வேண்டும். பிளைவுட்டில் செய்தால் உடனே வார்னிஷ் பூசுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் பூசாத பலகை உப்பிவிடும். 3 மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டில் வெட்டினால் அந்தக் கவலை இல்லை.

ஒவ்வோர் இடத்திலும் இரண்டு முறை அளவெடுங்கள்: முதலில் ஒரு பக்கமாக, பிறகு லெவலை முன்பின்னாகத் திருப்பி வைத்து. இரண்டின் சராசரியை எடுத்தால் லெவலின் சொந்தப் பிழை கழிந்துவிடும். வாலின் இடது வேர் (உடலோடு சேரும் இடம்), வலது வேர், இரண்டு முனைகள் என நான்கு இடம் பாருங்கள். வேரில் சரியாக இருந்து முனையில் மாறினால் வால் முறுகியிருக்கிறது. அதை ஷிம் (இடையில் செருகும் மெல்லிய துண்டு) வைத்துச் சரிசெய்ய முடியாது.

எண் மறுநாள் மாறுவதற்குக் காரணம் பெரும்பாலும் விமானமே நகர்ந்திருப்பதுதான். டயரில் காற்று இறங்கியிருக்கும், யாராவது இறக்கையில் சாய்ந்திருப்பார்கள், அல்லது மதிய வெயில் ஜிங்க் கூரை வழியே உடலின் ஒரு பக்கத்தை மட்டும் சூடாக்கியிருக்கும். காலை எட்டு மணிக்குள் அளந்து முடியுங்கள். டயரை நம்பாமல் விமானத்தை முட்டுக்கட்டைமேல் நிறுத்துங்கள்.

உடலைத் துல்லியமாக 0.0-வில் நிறுத்த முடியவில்லையே என்று பலர் அரைநாள் போராடுகிறார்கள். தேவையே இல்லை. பறக்கும்போது கணக்கில் வருவது இறக்கைக்கும் வாலுக்கும் உள்ள கோண வித்தியாசம், உங்கள் வரைபடத்தில் 1.5 டிகிரி. உடல் அரை டிகிரி சாய்ந்து நின்றால் இரண்டு எண்களும் அரை டிகிரி மாறும், வித்தியாசம் மாறாது. ஆனால் இரண்டையும் ஒரே அமர்வில், விமானத்தைத் தொடாமல் அளக்க வேண்டும். வித்தியாசம் வரைபடத்திலிருந்து 0.2 டிகிரிக்குள் இருந்தால் அப்படியே விட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போகலாம்.

கேள்வி: என் விமானம் பறக்கத் தொடங்கிவிட்டது. நேராகப் பறக்கும்போது எலிவேட்டரின் பின்விளிம்பு சுமார் 4 டிகிரி கீழே நிற்கிறது. வாலின் முன்பக்கத்தை உயர்த்தலாமா? எவ்வளவு?
(வாசகர், பட்டர்வொர்த்)

பதில்: திசையைச் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். முன்விளிம்பு அதிகம் தாழ்ந்திருந்தால் வால் தேவைக்கு மேல் கீழே அழுத்தும். அதை ஈடுகட்டத்தான் எலிவேட்டர் கீழே இறங்கி நிற்கிறது. ஆனால் ஈர்ப்பு மையம் பின்னால் போனாலும் இதே அறிகுறிதான் தெரியும். அன்று பின்னால் என்ன சாமான் இருந்தது, யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று எடைக்கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஈர்ப்பு மையம் அனுமதித்த எல்லையின் நடுவில் இருக்கும்படி எடை வைத்து, வழக்கமான வேகத்தில் மறுபடி பாருங்கள். அந்த நிலையில் எலிவேட்டர் வாலோடு ஒரே கோட்டில் நிற்க வேண்டும்.

கண்மதிப்பாக 4 என்று சொல்லாதீர்கள். எலிவேட்டரின் தள்ளுகம்பி இருக்கைக்குப் பின்னால் சுவரைக் கடக்கும் இடத்தில் ஒரு டேப் ஒட்டி, பறக்கும்போது கூட வருபவரைக் குறியிடச் சொல்லுங்கள். தரையிறங்கியதும் குறியை அதே இடத்துக்குக் கொண்டுவந்து லெவலால் அளந்து பாருங்கள். கம்பிக்குப் பதில் கேபிள் என்றால் காற்றின் சுமையில் அது சற்று நீளும். எண்ணை அந்த அளவுக்குத்தான் நம்ப வேண்டும்.

4 டிகிரி எலிவேட்டரைப் போக்க 4 டிகிரி வால் தேவையில்லை. எலிவேட்டர் வாலின் முன்பின் அகலத்தில் ஐந்தில் இரண்டு பங்கு என்றால், சுமார் 2 முதல் 2.4 டிகிரி போதும். முதலில் அதில் பாதி அல்லது சற்றுக் குறைவாக, 1 டிகிரி மட்டும் மாற்றிப் பறந்து பாருங்கள். வாலைப் பூட்டும் முன் போல்ட்டுக்கும் பின் போல்ட்டுக்கும் உள்ள தூரத்தை 0.0175-ஆல் பெருக்கினால் 1 டிகிரிக்கான ஷிம் தடிமன் வரும். 240 மில்லிமீட்டருக்கு 4.2 மில்லிமீட்டர்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. முன்விளிம்பை உயர்த்தினால் மேல்நோக்கிய எலிவேட்டர் வலு குறையும். ஈர்ப்பு மையம் முன்னால் இருக்க, ஃபிளாப் (இறக்கையின் பின்மடல்) முழுதும் இறக்கி, மூக்கைத் தூக்கித் தரை தொடும்போது ஸ்டிக்கை முழுக்க இழுத்தும் மூக்கு எழாமல் போகலாம். மாற்றியதும் முதலில் நல்ல உயரத்தில், எஞ்சினைக் குறைத்து, இறங்கும் வேகத்தில், ஸ்டிக்கில் இன்னும் எவ்வளவு இழுப்பு மிச்சம் என்று பாருங்கள்.

வால் நகர்ந்தால் அதைச் சார்ந்தவையும் நகரும். நெடுவாலின் (செங்குத்தாக நிற்கும் வால்) முன்கால் கிடைவாலில் பூட்டியிருந்தால் அதன் துளைகள் ஒத்துவராது. எலிவேட்டர் நிறுத்தங்களை (அதன் அசைவுக்கு எல்லை வைக்கும் தடுப்புகள்) புதிய வால் கோட்டிலிருந்து மறுபடி அளந்து வையுங்கள். எலிவேட்டர் கொம்பு (தள்ளுகம்பி பூட்டும் நெம்புகை) உடலில் உரசுகிறதா என்று மேலும் கீழும் கடைசிவரை ஆட்டிப் பாருங்கள். இதே வடிவமைப்பில் மற்றவர்கள் சரியாகப் பறக்கும்போது உங்களுக்கு மட்டும் 2 டிகிரி தேவைப்படுகிறது என்றால், எங்கள் சந்தேகம் முதலில் எடைக்கணக்கின் மேல்தான். வரைபடத்தை மீறும் எந்த மாற்றத்தையும் வடிவமைத்தவரிடமும் உங்கள் ஆய்வாளரிடமும் காட்டி, பதிவேட்டில் எழுதிய பிறகே பறங்கள்.

கேள்வி: ஷிம்முக்குப் பதில் நாலைந்து வாஷர்களை அடுக்கினால் என்ன?
(வாசகர், செந்தூல்)

பதில்: கூடாது. வாஷர் அடுக்கு சிறிய வட்டத்தில்தான் தாங்கும், போல்ட் வளைய இடம் கொடுக்கும். 2024-டி3 ரக அலுமினியத்தில், அடைப்புக்கட்டையின் (வாலுக்கும் உடலுக்கும் இடையிலுள்ள கட்டை) முழு அகலத்துக்கு ஒரே துண்டாக, தேவையான சாய்வோடு அரத்தால் ராவி எடுங்கள். போல்ட் மையத்திலிருந்து ஓரம்வரை குறைந்தது போல்ட் விட்டத்தைப் போல இரண்டு மடங்கு இருக்கட்டும். பினாங்கு போன்ற கடலோரத்தில் இரு முகத்திலும் எபாக்சி பிரைமர் அடித்துக் காய்ந்த பிறகு பூட்டுங்கள், இல்லையென்றால் இடுக்கில் அரிப்பு பிடிக்கும்.

ஷிம் சேர்ந்ததும் பழைய போல்ட் குட்டையாகிவிடும். ஏஎன் (விமானத்துக்கான தர வகை) போல்ட்டின் நீளம் எட்டில் ஒரு அங்குலப் படியாக, அதாவது 3.2 மில்லிமீட்டராக ஏறும். மறையில்லாத பகுதி மொத்தத் தடிமனைக் கடக்க வேண்டும், நட்டுக்கு வெளியே குறைந்தது ஒரு மறை தெரிய வேண்டும். ஏஎன்4 (கால் அங்குல விட்டம்) போல்ட்டுக்கு முறுக்கு 50 முதல் 70 அங்குல-பவுண்டு (5.6 முதல் 7.9 நியூட்டன் மீட்டர்). நைலான் நட் வெறுமனே சுழலும்போதே பிடிக்கும் முறுக்கை முதலில் அளந்து அதோடு கூட்டிக்கொள்ளுங்கள்.