வாசகர் கேள்வி – பதில்: பழைய றேசரும் கிணற்றுத் தண்ணீரும்

கேள்வி: அம்மப்பா பயன்படுத்திய, இரு பக்கமும் கூரான பிளேட் பூட்டும் பழைய றேசர் ஒன்று அலுமாரிக்குள் கிடந்தது. புதிய பிளேட் போட்டுச் சவரம் செய்து பார்த்தேன். கன்னம் பரவாயில்லை; ஆனால் கழுத்து சிவந்து எரிகிறது, நாடியிலும் வெட்டிவிட்டது. கிறீம் சரியாக நுரைக்கவே இல்லை. வேறு பிளேட் வாங்குவதா, இதைக் கைவிடுவதா?
– பல்கலைக்கழக மாணவர், கொக்குவில்

பதில்: கைவிட வேண்டாம்; பிளேட்டின் மேலும் பழி போட வேண்டாம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் காரணம் உங்கள் கையிலும் உங்கள் வீட்டுக் கிணற்றிலுந்தான் இருக்கிறது.

முதலில் கையைப் பார்ப்போம். இன்று கடைகளில் விற்கும் பல பிளேட் றேசர்களின் தலை அசைந்து கொடுப்பதால், அழுத்தி இழுத்தாலும் அது தானே வளைந்து முகத்தோடு பொருந்திக்கொள்ளும். உங்கள் அம்மப்பாவின் றேசரோ அசையாத தலையை உடையது, ஆகையால் நீங்கள் கொடுக்கும் அழுத்தம் முழுவதும் நேராகத் தோலிலேயே இறங்குகிறது. பிடியை அதன் அடிப்பகுதியில் இரண்டு மூன்று விரல்களால் மட்டும் பிடியுங்கள். வெட்டுவதற்கு அந்த உலோகத்தின் பாரமே போதும். சாய்வைக் கண்டுபிடிப்பதற்கு, றேசர் தலையின் மேற்பகுதியைக் கன்னத்தில் வைத்து, பிடியை முகத்திலிருந்து நேரே வெளியே நீட்டிக்கொண்டு, பிளேட் மயிரைத் தொடும் வரையில் பிடியை மெல்ல மெல்லக் கீழே இறக்குங்கள். ஏறத்தாழ 30 பாகையில் அது வெட்டத் தொடங்கும். அப்போது மெல்லிய சரசரப்பு ஒன்று கேட்கும். அந்தச் சத்தம் நின்றால் சாய்வு தவறிவிட்டது என்று அறிந்து, அழுத்தாமல் பிடியின் சாய்வை மட்டும் திருத்துங்கள்.

கழுத்து எரிவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கன்னத்தில் மயிர் பெரும்பாலும் கீழ்நோக்கி வளரும்; கழுத்தில் அப்படியல்ல, பலருக்கு அது பக்கவாட்டாகவும் சிலருக்கு மேல்நோக்கியும் வளரும். இரண்டு நாள் தாடியோடு விரலால் தடவிப் பாருங்கள். வழுக்கிச் செல்லும் திசையே மயிர் வளரும் திசை. தொடக்கத்தில் அந்தத் திசையிலேயே, ஓரங்குலத்துக்கு மேற்படாத சிறு இழுப்புகளாகச் சவரம் செய்யுங்கள். இன்னும் மழுமழுப்பாக வேண்டுமானால் மீண்டும் நுரை பூசிக் குறுக்காக ஒரு முறை இழுக்கலாம். எதிர்த்திசையில் இழுப்பதைக் கை பழகும்வரை நினைக்கவே வேண்டாம். நாடி உருண்டிருப்பதால் அங்கே தோலை மறு கையால் இழுத்துப் பிடித்து, வழமையைவிட மெதுவாகச் செல்ல வேண்டும்.

இனித் தண்ணீர். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் இருப்பதால் எங்கள் கிணறுகளில் பெரும்பாலானவற்றின் நீர் வன்னீர். அதிலுள்ள கல்சியமும் மக்னீசியமும் சவர்க்காரத்தோடு சேர்ந்து கரையாத வெள்ளைப் படிவாகிவிடுவதால் நுரை எழுவதில்லை. சவரக் கிறீமும் பெரும்பாலும் ஒருவகைச் சவர்க்காரமே என்பதால் அதற்கும் இதே கதிதான். உங்கள் வீட்டுக் கேத்தலின் அடியில் படிந்திருக்கும் வெள்ளைப் பொருக்கைப் பாருங்கள்: நீரைக் கொதிக்க வைக்கும்போது வன்மையின் ஒரு பகுதி அப்படிப் படிந்துவிடுகிறது. ஆகவே கொதித்து, ஆறித் தெளிந்த நீரின் மேற்பகுதியை வேறாக எடுத்து, சவரத்துக்கு வேண்டிய அளவை இளஞ்சூடாக்கிக் கொள்ளுங்கள். மாரியில் பிடித்த மழைநீர் இதனிலும் சிறந்தது. உவர் நீர்க் கிணறாக இருந்தால் மட்டும் கொதிக்க வைத்தும் பயனில்லை. உப்பு அப்படியே இருக்கும். குளித்த கையோடு, தாடி நன்றாக ஊறியிருக்கும்போதே சவரம் செய்வது நல்லது. முடிவில் குளிர்ந்த நீரால் கழுவி, நனைத்த படிகாரக் கட்டியை வெட்டுப்பட்ட இடத்தில் ஒரு முறை தேய்த்தால் சிறு கசிவு நின்றுவிடும்; கொஞ்சம் கடிக்கும், அவ்வளவுதான்.

கேள்வி: பல பத்தாண்டுகள் பழைய றேசருக்கு இன்றைய பிளேட் பொருந்துமா?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: பெரும்பாலும் பொருந்தும். கிங் காம்ப் ஜில்லெற் என்ற அமெரிக்கர் 1904இல் காப்புரிமை பெற்ற இவ்வகை றேசர், விற்பனைக்கு வந்த 1903ஆம் ஆண்டில் 51 மட்டுமே விற்றது. அடுத்த ஆண்டில் விற்பனை 90,000ஐத் தாண்டியது. நடுவில் நீண்ட துளையுள்ள இன்றைய பிளேட் வடிவம் 1930களிலிருந்து பெரிதாக மாறவில்லை. நீங்கள் பார்க்க வேண்டியது வேறு: பூட்டிய பின் பிளேட்டின் விளிம்பு இரு பக்கமும் ஒரே அளவு வெளியே தெரிகிறதா, தகட்டில் துரு ஏறியிருக்கிறதா என்பதைத்தான். ஒரு பக்கம் கூடுதலாக நீட்டிக்கொண்டிருந்தால் கழற்றி மீண்டும் பூட்டுங்கள்; அப்போதும் சரிவராவிட்டால் அந்த றேசரை அலுமாரிக்கே திருப்பி அனுப்பிவிடலாம்.

கேள்வி: வீட்டில் இவர்கள் கழற்றிப் போடும் பிளேட்டுகளை எங்கே போடுவது? தகப்பனும் மகனும் ஒன்றையே மாறி மாறிப் பயன்படுத்தலாமா?
– இல்லத்தரசி, மானிப்பாய்

பதில்: கூடாது. கண்ணுக்குத் தெரியாத இரத்தக் கசிவின் மூலமும் ஈரல் அழற்சி ‘பி’, ‘சி’ வைரசுகள் தொற்றக்கூடும். றேசர் ஒன்றாக இருந்தாலும்கூடப் பிளேட் தனித்தனியாக இருக்க வேண்டும் என்பதோடு, இயன்றால் றேசரும் தனியாகவே இருக்கட்டும். வெறும் பால்மா ரின்னின் மூடியில் பிளேட் நுழையும் அளவுக்கு ஒரு கீறல் இட்டு, மூடியை ஒட்டிவிட்டுக் கழிந்தவற்றை அதற்குள் போடச் சொல்லுங்கள். ஒரு ரின் பல ஆண்டுகளுக்குக் காணும். குப்பையோடு எரிப்பதும் வாழையடியில் எறிவதும் வேண்டாம். அங்கே வெறுங்காலோடு திரிபவர்களும் மேய வரும் மாடுகளும் உண்டு. ரின் நிறைந்ததும் மேலே ‘பிளேட்’ என்று எழுதி, குப்பை எடுக்க வருபவரின் கையில் சொல்லிக் கொடுங்கள்.