429 கோடிக்குள் ஒளிந்திருந்த 641

கேள்வி: 4294967297 பகா எண் என்று கணித மேதை ஃபெர்மா நம்பினாராமே? 3, 7, 11, 13 என்று வகுத்துக்கொண்டே போகிறேன், மீதி வந்துகொண்டே இருக்கிறது. எதுவரை போக வேண்டும்?

பதில்: இது 2³² + 1, அதாவது 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. வர்க்கமூலம் 65,536-ஐச் சற்றே தாண்டும். வரிசையாகப் போனால் ஆறாயிரத்துச் சொச்சம் பகா எண்களால் வகுத்தாக வேண்டும். அது வீண் வேலை.

ப என்ற பகா எண் இதை மீதியின்றி வகுக்கிறது என்று கொள்வோம். அப்போது 2³²-ஐ ப-ஆல் வகுத்தால் மீதி −1, அதாவது ஒரு மடங்குக்கு 1 குறைவு. வர்க்கப்படுத்தினால் 2⁶⁴-க்கு மீதி 1. அதற்குக் கீழே எந்த அடுக்கிலும் மீதி 1 வராது; அதற்கு மேலே 64-ன் மடங்குகளில் மட்டுமே வரும். ஃபெர்மாவின் சிறிய தேற்றப்படி 2-ன் (ப−1)-ஆம் அடுக்குக்கும் மீதி 1 என்பதால், ப−1 என்பது 64-ன் மடங்காகத்தான் இருக்க முடியும். அந்த வகையில் வரும் பகா எண்கள் 193, 257, 449, 577, 641... ஐந்தாவதிலேயே அகப்பட்டுவிடும். ஃபெர்மா தம் நம்பிக்கையை எழுதியது 1640-இல்; 641-ஐக் கணிதர் ஆய்லர் காட்டியது 1732-இல். தம் தேற்றமே தம் கணிப்பைக் கவிழ்க்கும் என்பதை ஃபெர்மா கவனிக்காமல் விட்டதுதான் வியப்பு.

பத்து இலக்கம் என்பதால் எட்டு இலக்கக் கால்குலேட்டர் உதவாது. மீதியை மட்டும் சுமந்து செல்லுங்கள். 2¹⁶ = 65536; 641 × 102 = 65382 போக மீதி 154. 154² = 23716; 641 × 36 = 23076 போக மீதி 640. இதுவே 2³²-ன் மீதி. 1 கூட்டினால் 641, தீர்ந்தது.

கேள்வி: ஈவாக வரும் 6700417 மேலும் உடையுமா?

பதில்: உடையாது. அதை வகுக்கும் எண் 4294967297-ஐயும் வகுக்கும், எனவே அதே விதி இதற்கும் பொருந்தும். 1878-இல் கணிதர் எடுவார் லூக்கா அந்த விதியை இறுக்கினார்: 64-க்குப் பதில் 128-ன் மடங்கோடு 1. வர்க்கமூலமான 2588-க்குள் அப்படிப்பட்ட பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 மட்டுமே. இவற்றால் வகுத்தால் மீதிகள் முறையே 170, 44, 120, 334, 622; எதுவும் பூஜ்யம் அல்ல.

கேள்வி: என் நிரலில் 2³² + 1 என்று கொடுத்தால் 1 வருகிறது. 64 பிட்டுக்கு மாற்றினேன். ஃபெர்மா சோதனை ‘பகா எண்’ என்கிறது!

பதில்: முதல் பிழை இடப் பற்றாக்குறை. குறியில்லா (கழித்தல் எண்களுக்கு இடமில்லாத) 32 பிட்டில் 4294967295-தான் உச்சம். அதைத் தாண்டியதும் எண் பூஜ்யத்திலிருந்து மறுபடி ஓடும்.

ஃபெர்மா சோதனை என்பது, ஓர் எண்ணை (அடிமானத்தை) சோதிக்கும் எண்ணைவிட 1 குறைவான அடுக்குக்கு உயர்த்தி, மீதி 1 வருகிறதா என்று பார்ப்பது. இரண்டாவதில் நிரல்மேல் குற்றமில்லை, அடிமானமாக 2-ஐ எடுத்ததுதான் தவறு. 2⁶⁴-க்கே மீதி 1 வந்துவிடுகிறது; சோதனையின் அடுக்கான 4294967296-ஓ 64-ன் மடங்கு. எனவே மீதி 1 வந்தே தீரும். அடிமானத்தை 3 ஆக்குங்கள். மீதி 3029026160 வரும், 1 அல்ல. பைத்தானில் எண்ணின் அளவுக்கு வரம்பில்லை என்பதால் கவலை வேண்டாம். சி மொழியில் இடையே வரும் பெருக்கலுக்கு 128 பிட் ஒதுக்குங்கள். மீதி 2³² ஆக இருந்துவிட்டால் அதன் வர்க்கம் 2⁶⁴. 64 பிட்டில் அது பூஜ்யமாகப் பதிவாகிவிடும்.