ஃபுளோரன்ஸ் எந்தப் புள்ளி?

வணக்கம். 2017 செப்டம்பர் 1 இரவு 20 நிமிட இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களிலும் ஃபுளோரன்ஸ் சிறுகோளைக் காணோம் என்கிறீர்கள். ஒரே படத்தை உற்றுப் பார்த்தால் விடிய விடியத் தேடினாலும் கிடைக்காது. அதுவும் நட்சத்திரம் மாதிரி வெறும் புள்ளிதான். நானும் ஒரு இரவை அப்படித் தொலைத்தவன்தான்.

நட்சத்திரங்கள் பொருந்தும்படி ஒரு படத்தின்மேல் மற்றதை வைத்து, மாற்றி மாற்றிப் பாருங்கள். ஒன்று மட்டும் தாவும், அதுதான் ஃபுளோரன்ஸ். அன்று அது பூமியைச் சுமார் 70 லட்சம் கி.மீ. தொலைவில், நொடிக்குப் பதின்மூன்றரை கி.மீ. வேகத்தில் கடந்தது. கணக்குப் போட்டால் 20 நிமிடத்தில் முழுநிலவின் அகலத்தில் கால்வாசி நகர்ந்திருக்கும். அதற்குமேல் தாவுவதை நம்பாதீர்கள்.

ஒரு சிக்கல்: படங்களைப் பொருத்தும்போது கேமரா சென்சாரின் பழுதுப் புள்ளிகளும் தாவும். ஆனால் அவை மொத்தமாக ஒரே பக்கம், ஒரே அளவு நகரும். ஃபுளோரன்ஸ் தனியாகப் போகும்.

அதன் இரண்டு குட்டி நிலாக்களைத் தேட வேண்டாம். அவை அமெரிக்காவில் நாசாவின் கோல்ட்ஸ்டோன் ரேடாரில் பிடிபட்டவை, நம் கேமராவில் விழாது. வீட்டில் பயந்தார்கள் என்றீர்களே, அது நிலாவைவிட 18 மடங்கு தள்ளித்தான் போனது என்று சொல்லுங்கள்.

முடிந்தால் இரண்டு படங்களையும் சுருக்காமல் இங்கே ஏற்றுங்கள், நானும் பார்க்கிறேன்.