தட்டு விழுந்தால் திரும்புகிறாள், காது மெஷினை மட்டும் பிடுங்குகிறாள்

கேள்வி: காசிமேட்டில் இருக்கிறோம். மகளுக்கு 16 மாதம். தூங்க வைத்துத் தலையில் வயர் ஒட்டிக் கேட்கும் திறனைப் பார்க்கும் பேரா டெஸ்ட்டில் இரண்டு காதுக்கும் 80 டெசிபல் என்று வந்தது. இரண்டு மாதமாகக் காது மெஷின் இருக்கிறது. மாட்டினால் ஐந்து நிமிஷத்தில் பிடுங்கிவிடுகிறாள், 'கீ' என்று சத்தம் வேறு. அதனால் தெரபிக்குப் போகும்போது மட்டும் மாட்டுகிறோம். தட்டு விழுந்தால் திரும்பிப் பார்க்கிறாள். "அவங்க அப்பனும் மூணு வயசுலதான் பேசுனான், விடு" என்கிறார் மாமியார். உள்காதில் கருவி வைக்கும் காக்ளியர் ஆபரேஷனுக்குப் பார்க்கச் சொல்கிறார்கள். பொறுத்துப் பார்க்கலாமா?

பதில்: பொறுக்க வேண்டாம், அம்மா.

முதலில் அந்தத் தட்டு. வீட்டில் எல்லோரையும் ஏமாற்றுவது அதுதான். எவர்சில்வர் தட்டு பக்கத்தில் விழுந்தால் சத்தம் 90 டெசிபலைத் தாண்டும். தரை அதிர்வும் காலில் தெரியும். ஒரு மீட்டர் தள்ளி நீங்கள் சாதாரணமாகப் பேசுவது 60 டெசிபல் அளவுதான். 80-இல்தான் கேட்கத் தொடங்கும் காதுக்குத் தட்டு எட்டும், பேச்சு எட்டாது. தட்டுக்குத் திரும்பும் குழந்தை உங்கள் குரலில் 'வா' என்ற சொல்லை இன்னும் கேட்காமலே இருக்கலாம்.

உங்கள் கணவர் தாமதமாகப் பேசியது வேறு கதை. அவர் அந்த மூன்று வருஷமும் கேட்டுக்கொண்டே இருந்தார். பேச்சைப் பிரித்தறிய மூளை வேகமாகப் பழகுவது முதல் மூன்று வருஷத்தில். பிறந்து ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் கருவி, பயிற்சி என்று கணக்கு வைத்திருப்பது அதனால்தான். அந்தக் கணக்கு உங்களுக்குத் தாண்டிவிட்டது. அதற்காக உங்களை நொந்துகொள்ளாதீர்கள். இனி ஒரு வாரமும் வீணாகக் கூடாது.

'கீ' சத்தம் வந்தால் மெஷின் கெட்டுப்போனது என்று அர்த்தமில்லை. மோல்டு, அதாவது அச்செடுத்துக் காதுக்குள் வைக்கும் பகுதி, சரியாக உட்காராவிட்டால், உள்ளே போக வேண்டிய சத்தம் இடுக்கு வழியே வெளியே வந்து மைக்கில் மறுபடி ஏறும். அதுதான் விசில். காதில் அழுக்கு அடைத்திருந்தாலும் வரும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். இந்த வயதில் காது வேகமாக வளர்வதால், சுமார் மூன்று மாதத்துக்கு ஒருமுறை புது மோல்டு தேவைப்படும். இரண்டு மாத மோல்டே இதற்குள் லூஸ் ஆகியிருக்கலாம். விசில் நிற்கட்டும் என்று வால்யூமைக் குறைக்கவே குறைக்காதீர்கள். அப்புறம் அவள் காதில் இருப்பது வெறும் பிளாஸ்டிக்தான்.

பிடுங்குவதற்கும் காரணம் இருக்கும். காதுக்குள்ளோ பின்னாலோ சிவந்திருக்கிறதா பாருங்கள்: மோல்டோ மெஷினோ உரசுகிறது. பாத்திரம் உருண்டால் கண்ணை இறுக்கி அழுகிறாளா? கருவி தரும் உச்ச சத்தம் அதிகம். கேட்கும் திறனைச் சோதித்து மெஷினைச் சரிசெய்யும் ஆடியாலஜிஸ்ட்டிடம் சொன்னால் குறைத்துத் தருவார். இரண்டும் இல்லையென்றால் பழக்கம்தான். சாப்பிடும்போது, விளையாடும்போது என்று கை வேலையாக இருக்கும் நேரத்தில் மாட்டுங்கள். பிடுங்கினால் திட்டாமல், ஐந்து நிமிஷம் விட்டு மறுபடி மாட்டுங்கள். கருவியோடு கயிறு கோத்துச் சட்டையின் பின்பக்கம் கிளிப் போட்டால் தொலையாது. இரண்டு மூன்று வாரத்தில், குளிக்கும் நேரமும் தூங்கும் நேரமும் தவிர முழுநாளும் காதில் இருக்க வேண்டும். குறைந்தது 10 மணி நேரம். தெரபிக்கு மட்டும் மாட்டுவது போதவே போதாது.

காலையில் மாட்டும் முன் ஸ்டெத்தோ போன்ற கேட்புக் குழாயில் நீங்கள் கேட்டுப் பாருங்கள். பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்து ஒன்றிரண்டு நிமிஷம் காற்றில் விட்டுப் போட வேண்டும். காற்றுப் பட்டால்தான் அது முழுதாக வேலை செய்யும். உங்கள் பகுதியில் கடல் காற்றும் வியர்வையும் சேர்ந்து, மோல்டையும் மெஷினையும் இணைக்கும் டியூபுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் நின்றாலே சத்தம் அடைத்துவிடும். மோல்டைக் கழற்றிச் சின்ன ரப்பர் பம்பால் ஊதுங்கள். வாயால் ஊதினால் ஈரம்தான் கூடும். இரவில் பேட்டரி கதவைத் திறந்து, சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவில் வையுங்கள். பேட்டரியைக் குழந்தை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அந்த நிமிஷமே எமர்ஜென்சிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

மாட்டிய பிறகு அவள் முதுகுப்பக்கம் உட்கார்ந்து ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ் என்ற ஆறு ஒலிகளைச் சாதாரணக் குரலில், ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டுச் சொல்லுங்கள். பேச்சின் தாழ்ந்த ஒலி முதல் உச்ச ஒலி வரை இந்த ஆறில் அடங்கிவிடும். கை நிற்கும், கண் விரியும், சில சமயம் திரும்புவாள். எதற்குத் திரும்பினாள் என்று நோட்டில் எழுதுங்கள். நேற்று கேட்ட 'ஷ்' இன்று கேட்கவில்லை என்றால் பேட்டரி, டியூப், சளி மூன்றையும் பாருங்கள். ஆடியாலஜிஸ்ட்டுக்கு அந்த நோட்டு பெரிய உதவி.

பேசுவது கைக்கெட்டும் தூரத்திலிருந்து. தூரம் இரண்டு மடங்கானால் குரல் 6 டெசிபல் குறையும். டிவியை அணையுங்கள், கன்டெய்னர் லாரி ஓடும் ரோட்டுப் பக்க ஜன்னலைச் சாத்துங்கள். குளிப்பாட்டும் முன், மெஷினைக் கழற்றுவதற்கு முன்னாலேயே, "தண்ணி ஊத்தலாமா?" என்று கேட்டுப் பத்து எண்ணும் வரை அவள் முகத்தைப் பார்த்துக் காத்திருங்கள். அந்தக் காத்திருப்பைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். சைகை காட்டினால் பேச்சு வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவள் சைகையில் கேட்டால், கொடுத்துக்கொண்டே சொல்லையும் சொல்லுங்கள்.

ஆபரேஷன் பற்றி: 80 டெசிபல் என்பது மெஷின், ஆபரேஷன் என்று இரண்டு பக்கமும் சாயக்கூடிய அளவு. சரியாகப் பொருந்திய மெஷினிலேயே பேச்சுக்குப் போதிய ஒலி எட்டும் குழந்தைகளும் உண்டு. எட்டுகிறதா என்று சொல்ல, மூன்று மாதமாவது முழுநாளும் மாட்டி, மெஷினோடு டெஸ்ட் செய்ய வேண்டும். இதுவரை நீங்கள் மாட்டியது அந்தக் கணக்கில் சேராது. ஆனால் அதுவரை சும்மா இருக்காமல் ஆபரேஷனுக்கு முன் வேண்டிய சி.டி., எம்.ஆர்.ஐ., நிமோகாக்கல் தடுப்பூசி எல்லாவற்றையும் பக்கத்திலேயே நடத்துங்கள். உங்களுக்கு அருகில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது; முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் பேரா ரிப்போர்ட்டையும் கொண்டு போங்கள். இத்திட்டத்தில் 6 வயதுக்குள் காக்ளியர் வைக்கிறார்கள். 6 வயது என்பது தகுதிக்கான எல்லை. அதுவரை காத்திருக்கலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கருவியை ஆன் செய்வது ஆபரேஷனுக்குச் சில வாரம் கழித்து. முதல் நாளே அவளுக்குப் பேச்சு புரியாது. அன்றிலிருந்து வருஷக்கணக்கில் தெரபி வேண்டும்.

ஒரு தடவை கண்ணையும் காட்டிவிடுங்கள். கர்ப்பத்தில் வந்த ரூபெல்லா காதோடு கண்ணையும் தாக்கும். சில பரம்பரைக் குறைகளில் காது முதலில் போய், பார்வை பின்னால் குறையும். அப்படிப்பட்ட சில குழந்தைகள் நடக்கவும் தாமதமாகும். 18 மாதம் ஆகியும் தனியாக நடக்கவில்லை என்றால், நீங்களாகவே அதை டாக்டரிடம் சொல்லுங்கள்.