பொந்துத் தேனீக்களைக் கொல்லாமல் பெட்டிக்கு மாற்றுவது எப்படி?

கேள்வி: எங்கள் வேலியோரப் புளியமரத்துப் பொந்தில் ஓராண்டாகத் தேனீக்கள் இருக்கின்றன. பிள்ளைகள் நடக்கும் வழியில், இடுப்பு உயரத்தில் பொந்து இருக்கிறது. தீப்பந்தம் காட்டி விரட்டச் சொல்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை. மரத்தையும் வெட்டாமல் தேனீக்களையும் கொல்லாமல் அகற்ற வழி உண்டா?

பதில்: உண்டு. தீப்பந்தம் வேண்டாம் என்று நீங்கள் நினைத்தது மிகச் சரி. உள்ளே தீ பற்றினால் கூட்டத்தோடு மரமும் போய்விடும்.

முதலில் இனத்தைப் பாருங்கள். பொந்துக்குள் இருட்டில், பல அடைகளை வரிசையாகக் கட்டி வாழ்பவை அடுக்குத் தேனீக்கள். பெட்டியில் வளர்க்க ஏற்ற நம் நாட்டு இனம் அது. திறந்தவெளியில், உயரமான கிளையில் ஒரே பெரிய அடை தொங்கினால் அது மலைத்தேனீ. அதன் பக்கமே போகாதீர்கள். பெட்டியில் தங்காது, கூட்டமாகத் துரத்திக் கொட்டும், பருவம் மாறினால் தானாகவே இடம்பெயர்ந்துவிடும்.

உங்களுடையது அடுக்குத் தேனீயாகவே இருக்கும். இதைத் தனியாகச் செய்யாமல், தேனீ வளர்ப்பவர் ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரித்தால் அனுபவசாலிகளைச் சொல்வார்கள். பூ நிறைந்த காலத்தில், மழையில்லாத மாலை வேளையைத் தேர்ந்தெடுங்கள். பெட்டி நியூட்டன் பெட்டியாக இருக்கட்டும். 1911-17 காலத்தில் திருச்சியில் தேனீ வளர்ப்புப் பயிற்சி அளித்த பாதிரியார் நியூட்டன் இந்தத் தேனீக்கென்றே வடிவமைத்தது அது.

காய்ந்த தேங்காய் மட்டையைப் புகைப்பானில் இட்டு, பொந்து வாயில் இரண்டு மூன்று முறை மெல்ல ஊதினால் போதும். கொட்ட வரும் தேனீக்கள் எழுப்பும் எச்சரிக்கை வாசனையைப் புகை மறைத்துவிடும். மண்ணெண்ணெய், பூச்சிமருந்து எதுவும் கூடாது.

இனிதான் முக்கியமான இடம். பலர் தேனடையை எடுப்பதிலேயே குறியாக இருந்து, குஞ்சுகள் வளரும் புழு அடையைச் சிதைத்துவிடுகிறார்கள். தேனீக்களைப் பெட்டியில் பிடித்துவைப்பது புழு அடையும் ராணியும்தான். அடைகளை ஒவ்வொன்றாக மேல்பக்கம் அறுத்து, புழு உள்ளவற்றை மட்டும் பெட்டிக்குள் தொங்கும் மரச் சட்டங்களில் வைத்து வாழைநாரால் கட்டுங்கள். பொந்தில் மேலே இருந்த விளிம்பு சட்டத்திலும் மேலேயே இருக்க வேண்டும்; அறைகள் சற்று மேல்நோக்கிச் சாய்ந்திருப்பதால் தலைகீழாகக் கட்டினால் பாழாகிவிடும். சில நாட்களில் தேனீக்கள் மெழுகால் அடையைச் சட்டத்தோடு ஒட்டிவிட்டு, நாரைத் தாமே கடித்து நீக்கிவிடும். தேன் நிறைந்த அடையைப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். ஒழுகும் தேனுக்கு எறும்பு வந்துவிடும்.

ராணி கருத்த நிறமும் நீண்ட வயிறும் கொண்டது; வெளிச்சம் பட்டால் அடையின் மறுபக்கம் ஓடும். கண்ணில் படாவிட்டால், பொந்தின் மூலையில் கொத்தாக மொய்த்திருக்கும் தேனீக்களைக் கையால் மெல்ல அள்ளிப் பெட்டிக்குள் விடுங்கள். பெரும்பாலும் அவற்றின் நடுவேதான் ராணி இருக்கும். பெட்டி வாயிலில் தேனீக்கள் வயிற்றை உயர்த்திச் சிறகடித்தபடி நின்றால் அது ராணி உள்ளே போனதற்கு நல்ல அறிகுறி. வாசனையைப் பரப்பி மற்றவற்றை அழைக்கின்றன.

இருட்டும்வரை பெட்டியைப் பொந்து வாயருகிலேயே வைத்திருங்கள். வெளியே போனவை எல்லாம் வந்து சேர்ந்ததும் வாயிலை அடைத்து, இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுபோங்கள். நூறடி தள்ளி வைத்தால் மறுநாள் பழைய மரத்துக்கே திரும்பிவிடும். சில நாட்களுக்கு வாயிலில் ராணித் தடுப்புத் தகடும் (வேலைக்காரத் தேனீக்கள் நுழையலாம், பெரிய ராணி வெளியேற முடியாதபடி துளையிட்ட தகடு), மாலைதோறும் சர்க்கரைப் பாகும் தேவை. இந்த இனம் சட்டென்று பெட்டியைவிட்டு ஓடிவிடக்கூடியது.

பொந்து கைக்கு எட்டாத ஆழம் என்றால் எடுக்க முயலாதீர்கள். வாயில் கம்பிவலைக் கூம்பு பொருத்தி வெளியேற்றும் முறையும் இருக்கிறது. ஆனால் ராணியும் புழுக்களும் உள்ளேயே தங்கி அழியும் என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. பொந்துக்கு முன்னால் ஆறடி உயரத்துக்கு ஓலைத் தட்டி கட்டுங்கள். தேனீக்கள் மேலெழும்பிப் பறக்கும், பிள்ளைகளின் பாதையில் குறுக்கிடாது.

யாரையாவது கொட்டினால் கொடுக்கை உடனே நகத்தால் சுரண்டி எடுங்கள். மூச்சுத்திணறல், முக வீக்கம், மயக்கம் தெரிந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மாற்றி முடித்ததும் பொந்தில் ஒட்டியிருக்கும் மெழுகைச் சுரண்டிவிட்டு, வாயைக் கம்பிவலையால் மூடிவிடுங்கள். இல்லையென்றால் மெழுகு வாசனைக்கு அடுத்த பருவத்திலேயே வேறொரு கூட்டம் அங்கே குடியேறிவிடும்.