ஒரே ஆறு லட்சத்துக்கு மூன்று கதை

கேள்வி: என் கணவர் காரைக்குடியில், இடித்த வீடுகளின் மரச்சாமான்களை வாங்கி விற்கும் ஒரு கடையில் 22 ஆண்டுகள் கணக்கு எழுதினார். கடைசிச் சம்பளம் 20,800 ரூபாய். கடை, குடோன், தச்சுப் பட்டறை எல்லாம் சேர்த்து 14 பேர் வேலை செய்கிறார்கள். 2025 ஏப்ரலில் இருப்பு எடுத்தபோது ஆறு லட்சம் குறைகிறது என்று சொல்லி, 'நாளையிலிருந்து வர வேண்டாம்' என்று முதலாளி அனுப்பிவிட்டார். அன்றே 'கணக்கில் குறை இருக்கிறது, சரிசெய்து தருகிறேன்' என்று கடிதமும், தொகை எழுதாத செக் ஒன்றும் வாங்கிக்கொண்டார். அடுத்த மாதம் பள்ளத்தூரில் என் பெயரில் இருக்கும் வீட்டுக்கு என்னிடம் கிரய ஒப்பந்தம் எழுதி வாங்கிப் பதிவும் செய்துவிட்டார். ஐந்து லட்சம் ரொக்கமாக அட்வான்ஸ் வாங்கியதாக அதில் இருக்கிறது. ஒரு ரூபாய்கூட நாங்கள் வாங்கவில்லை. ஜூனில் என் நகையை அடகு வைத்து 1,75,000 ரூபாயை அவருக்கு வங்கி மூலம் அனுப்பினோம். போன வாரம் அந்தச் செக்கை ஆறு லட்சம் என்று எழுதிப் போட்டுத் திரும்பியதும், 'கைமாற்றாகக் கொடுத்த கடன்' என்று வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். வீட்டைக் கிரயம் செய்து தரச் சொல்லி இன்னொரு நோட்டீஸ். காவல் நிலையத்தில் புகாரும் கொடுத்திருக்கிறார். விசாரணைக்கு வரச் சொல்லி வாட்ஸ்அப்பில் நோட்டீஸ் வந்தது. கிராஜுவிட்டி கேட்டால் 'திருடனுக்கு எதற்கு?' என்கிறார். தண்டனை ஆகாமல் கிராஜுவிட்டியை நிறுத்த முடியாது, வெற்றுச் செக் செல்லாது, பணத் தகராறில் போலீஸ் வரக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டதாக உறவினர் மூன்று வீடியோ அனுப்பியிருக்கிறார். இவை எங்களுக்கு உதவுமா? வீட்டை மகள் பெயருக்கு எழுதி வைத்துவிடலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பள்ளத்தூர்

பதில்: சகோதரி, அந்த மூன்று வீடியோவையும் நம்பி எதுவும் செய்யாதீர்கள். ஒன்று காலாவதியானது, ஒன்று தவறு, மூன்றாவது உங்கள் வீட்டுக்காரருக்குப் பொருந்தாது. ஆனால் உங்களுக்கு உதவும் தீர்ப்புகள் இருக்கின்றன. அவற்றைவிடப் பெரிய உதவியை முதலாளியே செய்து வைத்திருக்கிறார். அவர் கொடுத்த காகிதங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். போலீசிடம் 'ஆறு லட்சத்தைக் கையாடிவிட்டான்' என்கிறார். செக் நோட்டீசில் அதே ஆறு லட்சம் கைமாற்றுக் கடனாகிவிட்டது. கிரய ஒப்பந்தத்திலோ உங்களுக்கு அவர் அட்வான்ஸ் கொடுத்திருக்கிறார். தன்னிடம் கையாடிய ஆளுக்குக் கடனும் கொடுத்து, அவர் மனைவிக்கு ஐந்து லட்சம் ரொக்கமும் எண்ணிக் கொடுத்தாரா? இந்த முரண்பாடுதான் உங்கள் வழக்கின் முதுகெலும்பு. அதனால் மூன்று விவகாரத்துக்கும் நீங்கள் சொல்லும் பதில் ஒன்றாகவே இருக்க வேண்டும். செக்குக்கு ஒரு வக்கீல், வீட்டுக்கு ஒரு வக்கீல் என்று பிரித்துக் கொடுத்து, ஆளுக்கொரு பதில் போய்விட்டால் அவருடைய முரண்பாடு மறைந்து உங்களுடையது முன்னால் வந்து நிற்கும்.

முதலில் செக். நாள் ஓடிக்கொண்டிருப்பது இதில்தான். நோட்டீஸ் கைக்கு வந்த நாளிலிருந்து 15 நாள் அவகாசம். அதற்குள் பணம் தரப்படவில்லை என்றால் அடுத்த ஒரு மாதத்துக்குள் அவர் குற்றவியல் நீதிமன்றத்தில் புகார் தாக்கல் செய்யலாம். 'வெற்றுச் செக் செல்லாது' என்பது தவறு. கையெழுத்தை ஒப்புக்கொண்டால், தொகையை வேறொருவர் நிரப்பியிருந்தாலும் கடனுக்காகக் கொடுத்த செக் என்றே நீதிமன்றம் முதலில் அனுமானிக்கும் என்று 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. செக்யூரிட்டிக்குக் கொடுத்த செக் என்பதாலேயே அது வெறும் காகிதமாகிவிடாது என்று 2021 அக்டோபரிலும் சொன்னது. அந்த அனுமானத்தை உடைக்க வேண்டியது நீங்கள். ஆனால் அதற்குச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை, நம்பத்தக்க ஒரு விளக்கம் போதும். கடன் கொடுத்ததாகச் சொல்பவரின் கணக்குப் புத்தகத்திலும் வருமான வரிக் கணக்கிலும் அந்தக் கடன் இருக்கிறதா என்று குறுக்கு விசாரணையில் கேட்டாலே பாதி வழக்கு ஆடிப்போகும்.

இங்கே உங்களிடம் இன்னும் கூர்மையான ஆயுதம் ஒன்று இருக்கிறது. அந்த 1,75,000 ரூபாய். 2022 அக்டோபர் 11 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு ஒன்று உங்களுக்காகவே எழுதியதுபோல் இருக்கிறது. அது குஜராத்திலிருந்து போன வழக்கு. செக் 20 லட்சத்துக்கு. கொடுத்தவர் இடையில் 4,09,315 ரூபாயைத் திருப்பிக் கட்டியிருந்தார். வாங்கியவர் அதைச் செக்கில் குறிக்காமல் முழு 20 லட்சத்துக்கே வங்கியில் போட்டார். செக் போட்ட நாளில் சட்டப்படி வரவேண்டிய பாக்கி 20 லட்சம் இல்லை, ஆகவே செக் திரும்புவதைக் குற்றமாக்கும் 138-ஆவது பிரிவில் குற்றமே இல்லை என்று நீதிமன்றம் முடித்துவிட்டது. நீங்கள் ஜூனில் அனுப்பிய பணமும் அப்படித்தான். முதலாளி சொல்லும் ஆறு லட்சத்தை அப்படியே ஒப்புக்கொண்டாலும், செக் போட்ட அன்று பாக்கி 4,25,000தான் இருக்க முடியும். ஆறு லட்சம் என்று எழுதிப் போட்டதிலேயே வழக்கு சறுக்குகிறது. வங்கிக் கணக்கு அறிக்கையில் அந்த வரியைக் குறியிட்டு, அடகு ரசீதோடு பதில் நோட்டீசில் சேருங்கள். அதே பதிலில் 'கடனைக் கட்ட அனுப்பினோம்' என்று எழுதிவிடக் கூடாது. 'குறை என்று சொல்லி மிரட்டியதால் அனுப்பினோம்' என்பதுதான் நடந்தது, அதையே எழுதுங்கள்.

வழக்கு நடக்கும்போது செக் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடு கேட்டு மனுப் போடுவார்கள். போட்டாலே உத்தரவு ஆகிவிடும் என்று பயப்பட வேண்டாம். அது நீதிபதியின் விருப்புரிமை, எதிர்த் தரப்பு வாதத்தையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்று 2024 மார்ச்சில் தீர்ப்பு வந்திருக்கிறது.

அடுத்தது கிராஜுவிட்டி. கணக்கு எளிது. 20,800-ஐ 26-ஆல் வகுத்தால் நாளுக்கு 800 ரூபாய். 15 நாளுக்கு 12,000. 22 ஆண்டுக்கு 2,64,000 ரூபாய். தாமதத்துக்கு ஆண்டுக்கு 10 சதவீதத் தனி வட்டி. பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் கடை என்பதால் சட்டம் பொருந்தும். 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. ஆனால் உங்கள் வீட்டுக்காரர் வேலை போனது அதற்கு முன்பு, எனவே பழைய 1972 கிராஜுவிட்டிச் சட்டத்தின்படியே கேட்க வேண்டும்.

உறவினர் அனுப்பிய வீடியோ 2018-இல் வந்த ஒரு வங்கி ஊழியர் வழக்கைப் பற்றியது. ஒழுக்கக்கேடான குற்றம் என்று சொல்லிக் கிராஜுவிட்டியைப் பறிக்க வேண்டுமானால் நீதிமன்றத் தண்டனை வேண்டும் என்று அதில் இருந்தது உண்மைதான். அந்த வரி இப்போது கைகொடுக்காது. 2025 பிப்ரவரி 17 அன்று வெஸ்டர்ன் கோல்ஃபீல்ட்ஸ் வழக்கில், சட்டத்தில் தண்டனை என்ற நிபந்தனையே இல்லை, துறை விசாரணையில் நிரூபணமானால் போதும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்றைக்கும் பழைய தீர்ப்பையே எடுத்துக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கிறேன். எதிர்த் தரப்பு வக்கீல் எழுந்து இந்தத் தேதியைச் சொன்னதும் வாதம் முடிந்துவிடுகிறது.

ஆனாலும் உங்கள் விஷயத்தில் இந்தப் புதிய தீர்ப்பு முதலாளிக்குக் கைகொடுக்காது. அதை முழுதாகப் படித்தால் தெரியும்: பறிப்பதற்கு முன் குற்றச்சாட்டு வேண்டும், விசாரணை வேண்டும், அந்தக் காரணத்துக்காகவே வேலைநீக்கம் செய்த உத்தரவு வேண்டும். அப்போதும் முழுத் தொகையையும் எடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. அதே தீர்ப்பில், பயணச்சீட்டுப் பணத்தில் கைவைத்த நடத்துநர்களுக்கு 25 சதவீதம் மட்டும்தான் பறிக்கலாம் என்று குறைத்தார்கள். உங்கள் வீட்டுக்காரருக்கு மெமோ இல்லை, விசாரணை இல்லை, வேலைநீக்க உத்தரவுகூட இல்லை. 'நாளையிலிருந்து வராதே' என்பது உத்தரவு ஆகாது. முதலாளிக்கு எழுத்து மூலமாக விண்ணப்பம் கொடுங்கள், பதில் வராவிட்டால் தொழிலாளர் துறையின் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் மனுச் செய்யுங்கள். தாமதத்துக்குக் காரணம் எழுதினால் ஏற்பார்கள். தாமதமானதாலேயே உரிமை போய்விடாது. விசாரணையில்லாமல் அனுப்பியதை எதிர்த்து வேலையைத் திரும்பக் கேட்கவும் கடைகள் சட்டத்தின் 41-ஆவது பிரிவில் வழி உண்டு, ஆனால் அதற்கான கெடு கடந்துவிட்டது. இவ்வளவுக்குப் பிறகு அந்தக் கல்லாப்பெட்டிப் பக்கம் திரும்ப உட்காருவதில் அவருக்கு விருப்பம் இருக்குமா என்று அவரிடமே கேளுங்கள்.

போலீஸ் விஷயத்தில்தான் வீடியோ உங்களைத் தவறாகத் தைரியப்படுத்துகிறது. அதில் சொல்வது 2024 ஆகஸ்டில் வந்த டெல்லி ரேஸ் கிளப் தீர்ப்பு. குதிரைத் தீவனம் விற்றவர் பாக்கி வரவில்லை என்று கொடுத்த குற்றப் புகாரை அதில் ரத்து செய்தார்கள். விற்ற சரக்கின் பாக்கி நம்பி ஒப்படைத்த பணம் ஆகாது, ஒரே சம்பவத்துக்கு மோசடி, நம்பிக்கை மோசம் என்ற இரண்டு குற்றத்தையும் சேர்த்துப் போடக்கூடாது என்பது அதன் சாரம். உங்கள் வீட்டுக்காரர் கணக்கு எழுதும் ஊழியர். பணமும் சரக்கும் அவர் பொறுப்பில் இருந்தன. அதனால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 316(4) பிரிவில், ஊழியர் செய்த நம்பிக்கை மோசம் என்று வழக்குப் பதிய இடம் உண்டு. அதோடு மோசடிப் பிரிவையும் சேர்த்தால் அதை நீக்கக் கேட்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போகலாம், அந்த அளவுக்குத்தான் அந்தத் தீர்ப்பு உதவும்.

குற்றத்தை நிரூபிப்பது வேறு கதை. இந்தத் தொழில் நம் பக்கத்தில் எப்படி நடக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு இது புரியும். ஒரு செட்டிநாட்டு வளவு வீட்டை இடிக்கும்போது மொத்தமாக விலை பேசி எடுப்பார்கள். எத்தனை பர்மா தேக்குத் தூண், எத்தனை நிலை, எத்தனை உத்திரம் என்று பில் வருவதில்லை. உள்ளே வந்ததற்கே கணக்கில்லாதபோது குறைந்ததை எதை வைத்து எண்ணினார்கள்? இருப்புப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்த கடிதத்தைப் பற்றியும் நிலைகுலைய வேண்டாம். 'குறை இருக்கிறது' என்று எழுதியிருக்கிறார், 'எடுத்தேன்' என்று எழுதவில்லை.

ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றம் என்பதால் உடனே கைது செய்வது வழக்கமான நடைமுறை ஆகக் கூடாது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35(3) பிரிவின்கீழ் நோட்டீஸ் கொடுத்து விசாரிக்க வேண்டும். அந்த நோட்டீசை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. அதற்காக 'செல்லாது' என்று பதில் போட்டுவிட்டு வீட்டில் உட்கார வேண்டாம். நோட்டீசை நேரில் தரும்படியும், வரத் தயாராக இருப்பதாகவும் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பிவிட்டு, கூடவே முன்ஜாமீன் மனுவையும் தயார் செய்து வையுங்கள். ஒருவேளை கைது என்று வந்தால், காரணத்தை அவருக்குப் புரியும் மொழியில் எழுத்தில் தர வேண்டும் என்று 2025 நவம்பரில் தீர்ப்பு இருக்கிறது. தமிழில் கேளுங்கள்.

வீட்டைப் பற்றி நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. பதிவு செய்திருந்தாலும் கிரய ஒப்பந்தம் கிரயம் ஆகாது. வில்லங்கச் சான்றில் ஒரு வரி ஏறியிருக்கும், அவ்வளவுதான். வீடு உங்களுடையது, சாவியை யாருக்கும் கொடுக்காதீர்கள். கிரயம் செய்து தரக் கேட்டு அவர் வழக்குப் போட்டால், இது விற்பனைக்காக எழுதியதே அல்ல என்று வாய்மொழிச் சாட்சியம் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. 1981-லேயே உச்ச நீதிமன்றம் ஏற்ற வாதம் இது. 2018 திருத்தத்துக்குப் பிறகு இப்படிப்பட்ட வழக்குகளில் கிரயம் செய்து தர உத்தரவிட மறுக்கும் விருப்புரிமை நீதிமன்றத்துக்குக் குறைந்துவிட்டது. எனவே பதில் மனுவில் சோம்பல் கூடாது. அந்த ஐந்து லட்சம் ரொக்கத்தை மறந்துவிடாதீர்கள். இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கைமாறியதாக ஒரு வழக்கில் சொல்லப்பட்டால் நீதிமன்றம் அதை வருமான வரித் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2025 ஏப்ரல் 16 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பெங்களூரில் 75 லட்சம் ரொக்க அட்வான்ஸ் என்று சொன்ன ஒரு வழக்கில் வந்த உத்தரவு அது. இந்தத் தேதியைப் பதில் நோட்டீசில் குறிப்பிட்டு, ஐந்து லட்சம் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். பல முதலாளிகள் இந்த இடத்தில்தான் சமரசம் பேச வருகிறார்கள்.

சமரசம் வந்தால் செக், ஒப்பந்த ரத்து, போலீஸ் புகார், கிராஜுவிட்டி நான்கும் ஒரே பேச்சில் முடிய வேண்டும். ஒப்பந்தத்தை ரத்து செய்து பதியாமல் 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்றால் எழுந்து வந்துவிடுங்கள். வக்கீல் கட்டணம் கவலையாக இருந்தால், பெண் என்பதாலேயே வருமான வரம்பு இல்லாமல் உங்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. நீதிமன்ற வளாகத்தில் வட்டச் சட்டப் பணிகள் குழுவைக் கேளுங்கள்.

வீட்டை மகள் பெயருக்கு எழுத வேண்டாம். இப்போது எழுதினால், கடன் இருந்ததால்தான் ஒளித்தார்கள் என்று நீங்களே ஒப்புக்கொண்டதுபோல் ஆகும். அந்தப் பத்திரத்தையே மோசடி என்று ரத்து செய்யக் கேட்பார்கள், உங்கள் மகளும் வழக்கில் பிரதிவாதியாக வந்து நிற்க வேண்டியிருக்கும்.