சும்மா உட்கார ஓர் இடம் – கடிதம்

அன்புள்ள சார்,

போன மாதம் நீங்கள் தூங்கா நகரம் பற்றி எழுதிய கட்டுரையை என் மகன் வாட்ஸப்பில் அனுப்பியிருந்தான். விளக்குத்தூண் பக்கத்துச் சந்தில் ராத்திரி இரண்டு மணிக்குத் திறந்திருக்கும் டீக்கடை, அந்த பெஞ்சு, லோடு இறக்கிவிட்டு வந்து உட்காருகிறவர்கள், உங்கள் காலேஜ் நாட்கள், எல்லாம் படிக்க நன்றாக இருந்தது. கடைசியில் 'மதுரை யாரையும் எழுந்திருக்கச் சொல்லாது, தானே நகர்ந்து இடம் கொடுக்கும்' என்று முடித்திருந்தீர்கள். அந்த வரியிலேயே நின்றுவிட்டேன்.

நான் பிறந்தது சிம்மக்கல், வாக்கப்பட்டது தெற்கு மாசி வீதி. 33 வருஷம் டீச்சர் வேலை பார்த்து ரிட்டையர் ஆகிவிட்டேன். நீங்கள் சொல்லும் சந்து என் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை. அந்த பெஞ்சில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. ராத்திரி இரண்டு மணி மதுரையை நான் பார்த்ததை விரல் விட்டு எண்ணிவிடலாம். அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று, ரயிலுக்கு இரண்டு மூன்று தடவை, அப்புறம் சித்திரைத் திருவிழாவில் அழகர் வரும் ராத்திரிகள். அவ்வளவுதான்.

குறை சொல்ல எழுதவில்லை. அந்த பெஞ்சில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? அதைக் கொஞ்சம் விவரமாக எழுதியிருக்கலாம்.

என் பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள டீச்சர்,

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதத்தை முதல் தடவை படித்தபோது கொஞ்சம் எரிச்சல்தான் வந்தது. டவுன்ஹால் ரோட்டில் ராத்திரி குடும்பம் குடும்பமாகப் பரோட்டா சாப்பிடுகிறார்கள், ஜிகர்தண்டா கடையில் பெண்கள் நிற்கிறார்கள், விடிவதற்கு முன்பே மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் பெண்கள் வந்துவிடுகிறார்கள் என்றெல்லாம் அடுக்கி ஒரு பதில் தட்டிவிட்டேன். அனுப்பும் முன் வீட்டம்மாவிடம் காட்டினேன். படித்துவிட்டு, "இவங்கல்லாம் சாப்பிட வந்தவங்க, யாவாரத்துக்கு வந்தவங்க. சும்மா வந்தவ ஒருத்தியக் காட்டுங்க" என்றாள். அந்தப் பதிலை அழித்துவிட்டேன்.

இரண்டு நாளாக அந்த 'சும்மா'வைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் என்னைப் பார்த்து யாராவது "என்ன இந்தப் பக்கம்?" என்று கேட்டால் "சும்மாதான்" என்பேன். பேச்சு அதோடு முடிந்துவிடும். உங்களால் அப்படிச் சொல்ல முடியாது. கையில் ஒரு காரணம் இருக்க வேண்டும்: பை, கூடை, குழந்தை, பஸ் டிக்கெட். பெரியார் பஸ் ஸ்டாண்டில் ஒன்பது மணிக்குத் தனியாக நிற்கிற பெண்கள் போனைக் காதிலேயே வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். எதிர்முனையில் ஆள் இருக்கிறதோ இல்லையோ, பேசிக்கொண்டே இருப்பார்கள். எத்தனை பேசுகிறார்கள் என்று நான் கேலிகூடச் செய்திருக்கிறேன். அது ஒரு காரணச் சீட்டு என்று இப்போதுதான் தெரிகிறது.

"சரி, நீ எங்கேதான் சும்மா உட்காருவே?" என்று வீட்டில் கேட்டேன். யோசிக்கவே இல்லை. "பொற்றாமரைக் குளத்துப் படி" என்றாள். வடக்குப் பக்கம் உட்கார்ந்தால் தெற்குக் கோபுரம் நேரே தெரியும். செல்போனையும் வெளியே கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பதால் யாரும் கூப்பிட முடியாது. ஒரு மணி நேரம் இருந்தாலும் ஏன் என்று கேட்க ஆள் கிடையாது, சாமி கும்பிட வந்தவள் என்று நினைத்துக்கொள்வார்கள். கும்பிடுவது அஞ்சு நிமிஷம்தானாம். முப்பது வருஷமாக அவள் அடிக்கடி கோயிலுக்குப் போவதைப் பக்தி என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான்.

அந்தப் படியும் லேசில் கிடைத்ததில்லை. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர், கோயிலுக்குள் விடாத சாதிகளைச் சேர்ந்த கக்கன் முதலானவர்களை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனாரே, அதற்கு முன்பு ஊரில் எத்தனையோ பேர் கோபுரத்தை வெளியே நின்று பார்த்தவர்கள். என் மனைவியின் அம்மாச்சி காலத்துச் சங்கதி. அப்படியொன்றும் பழைய கதை இல்லை.

நீங்கள் அழகர் ராத்திரியைச் சொன்னது சரியான இடம். தசாவதாரம் பார்க்க ராமராயர் மண்டபத்தில் விடிய விடியக் கூட்டம். தல்லாகுளத்தில் ரோட்டிலேயே பாயை விரித்து, பிள்ளைகளைக் குறுக்கே போட்டு, சேலைத் தலைப்பை முகத்தில் மூடிக்கொண்டு பெண்கள் தூங்குவார்கள். அதே ரோட்டில் அடுத்த வாரம் ராத்திரி பத்து மணிக்குத் தனியாக நின்றால் ஒரு பைக் வேகம் குறையும். ஆக, தூங்கா நகரம் உங்களுக்கு வருஷத்தில் இரண்டு மூன்று நாள் திறக்கிறது, அதுவும் அழகர் தயவில்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கட்டுரையில் நான் எழுதாமல் விட்டது.

அதே டீக்கடை, அதே இரண்டு மணி. ஒரு திருநங்கை வருவார். முப்பது வயதிருக்கும். கடைக்காரர் அவருக்கு மட்டும் பேப்பர் கப்பில் ஊற்றுவார். எங்களுக்கெல்லாம் கண்ணாடி கிளாஸ். அவர் காசைப் பலகையில் வைத்துவிட்டுக் கப்பை எடுத்துக்கொண்டு எதிர்ச்சுவர் ஓரம் போய், ஷட்டர் போட்ட கடை வாசலில் நின்று குடிப்பார். குடித்து முடித்துக் கப்பைக் கசக்கிச் சாக்கடையில் போடாமல், திரும்ப வந்து கடை வாளியில் போட்டுவிட்டுப் போவார். பெஞ்சில் எப்போதும் ஓர் ஆள் உட்காரும் இடம் இருக்கும். அவர் அந்தப் பக்கம் பார்க்கக்கூட மாட்டார். அந்த நேரம் மட்டும் நாங்கள் பேசுவதை நிறுத்திவிடுவோம். யாரும் ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னதில்லை. யாரும் நகர்ந்து உட்கார்ந்ததும் இல்லை. கிராமத்து டீக்கடையில் தனி கிளாஸ் வைத்த கதையைக் கேட்டால் கொதிப்போம், எதிரே பேப்பர் கப் கசங்குவது காதில் விழவில்லை. தமிழ்நாட்டில் திருநங்கையர் நல வாரியம் 2008ல் வந்தது. சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களைப் போல அவர்களுக்கும் 2021லிருந்து இலவசம். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபின் பக்கத்து சீட் எத்தனை ஸ்டாப்புக்குக் காலியாகவே வருகிறது என்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

'தானே நகர்ந்து இடம் கொடுக்கும்' என்று எழுதிய கை இதுதான். எழுதும்போது அவர் ஞாபகம் வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கட்டுரையின் தாளம் கெடும் என்று விட்டுவிட்டேன்.

மூன்று வருஷம் முன்பு எனக்குக் கணுக்காலில் எலும்பு முறிந்து இரண்டு மாதம் ஊன்றுகோலோடு திரிந்தேன். நாற்பது வருஷம் நடந்த ஊரில் உட்கார இடமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. பஸ்ஸின் முதல் படி என் முழங்கால் உயரம். அந்த டீக்கடைக்கும் போனேன், வாசலில் சாக்கடை மேல் போட்ட கல் ஆடுகிறது. தாண்ட முடியவில்லை. எதிர்ச்சுவர் ஓரம் நின்று குடித்துவிட்டு வந்தேன். இரண்டு மாதத்தில் கட்டு பிரித்தார்கள், எனக்கு எல்லாம் மறந்துபோனது. அதனால் இதை உங்களுடையதோடு ஒப்பிட மாட்டேன்.

உங்கள் மாசி வீதி ஜவுளிக்கடைகளுக்கு வருவோம். அங்கே சேலை எடுத்துப்போடும் பெண்கள் காலையிலிருந்து ராத்திரி வரை நின்றார்கள். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் இதே நிலைமை. அங்கே விஜி என்ற தையல் தொழிலாளி 'பெண்கூட்டு' என்று ஓர் அமைப்பைக் கட்டினார். முதலில் கேட்டது கழிப்பறை. அது இல்லாததால் பெண்கள் தண்ணீரே குடிக்காமல் வேலை பார்த்தார்கள். அடுத்து நாற்காலி. 2018ல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் நம் சட்டசபையிலும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்துக்குத் திருத்தம் வந்தது, ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று. ஒரு மனுஷி உட்காருவதற்குச் சட்டசபை கூட வேண்டியிருக்கிறது! சென்ற தீபாவளிக்கு ஒரு கடையில் அந்தப் பெண்ணிடம், "உங்களுக்கு இப்ப ஸ்டூல் உண்டாமே?" என்று கேட்டேன். "இருக்கு சார், அந்தா" என்று கண்ணைக் காட்டினார். ஸ்டூல் மேல் சேலை அட்டைப்பெட்டிகள் ஏழெட்டு அடுக்கியிருந்தது. இடுப்பில் கையை ஊன்றி ஒரு காலை மட்டும் மடக்கி, கொக்கு மாதிரி நின்றுகொண்டிருந்தார். கவுன்ட்டருக்குப் பின்னால் செருப்பு கழற்றிக் கிடந்தது.

டவுன் பஸ் இலவசமானதில் பெரிய விஷயம் காசு மிச்சம்தான் என்று சொல்கிறார்கள். எனக்கு அதைவிட, எங்கே போறே, எதுக்குப் போறே, காசு எவ்வளவு என்று வீட்டில் கேட்கும் மூன்று கேள்வியில் ஒன்று குறைந்தது பெரிதாகப் படுகிறது. மற்ற இரண்டும் அப்படியே இருக்கிறது.

பெஞ்சு எப்படி இருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். முந்தாநாள் ராத்திரி இதற்காகவே போய் உட்கார்ந்து பார்த்தேன். நாலரை அடி நீளம் இருக்கும், நாலு பேர் நெருக்கி உட்காரலாம். பழைய பலகை, உட்கார்ந்து உட்கார்ந்து நடுவில் வழுவழு என்று ஆகியிருக்கிறது. ஓரத்தில் ஓர் ஆணி நீட்டிக்கொண்டிருக்கிறது, வேட்டியைக் கிழிக்கும். வலதுபக்கக் கால் குட்டை, கீழே ஓட்டுச்சில்லு வைத்திருக்கிறார்கள். ஒரு முனையில் இருக்கிறவர் சொல்லாமல் எழுந்தால் மறுமுனைக்காரர் தரையில்தான் விழ வேண்டும், அதனால் எழுந்திருக்கிறவர் "எந்திரிக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பார். பாய்லர் பக்கம் உட்கார்ந்தால் முதுகு வெதுவெதுப்பாக இருக்கும், மார்கழியில் அந்த இடத்துக்குப் போட்டி. எதிரே பார்த்தால் ஷட்டர் போட்ட அந்தக் கடை வாசல்.

டீ சுமார்தான், டீச்சர். தண்ணீர் பால், சீனி அதிகம். அதையும் கட்டுரையில் எழுதாமல் விட்டுவிட்டேன்.